ஒத்துக்கொள்ளாத உடம்பு

இதை எழுதலாமா என்று முதலில் அக்காவிடம்தான் கேட்டேன். அக்கா என்றால் பெரியம்மா மகள். "எழுதேன். ஆனா எம்பேரப் போடாத, ஊரும் போடாத. பண்ருட்டிப் பக்கம்னு போட்டுக்க. பண்ருட்டியச் சுத்தி எத்தினி காலனி கெடக்குது, எவன் வந்து கண்டுபுடிக்கப் போறான்" என்றாள். ஆகவே பேரில்லாத ஒரு சாட்சியத்தை வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

கேள்வி இதுதான். உயிர் பிழைப்பதற்கான மருந்தை ஒருவர் காசு கொடுக்காமல் வாங்கிக்கொள்கிறார். அந்த மருந்து அவர் உடம்புக்குச் சேரவில்லை. 'இது எனக்கு ஒத்துக்கல' என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டா? உண்டு, இதிலென்ன சந்தேகம் என்றுதான் இந்தப் பக்கங்களைப் படிக்கிற எவரும் சொல்வோம். நானும் கூட்டங்களில் அப்படித்தான் பேசுவேன். 2006ஆம் வருசம் அந்தக் கேள்வி ஒரு ரூபாய் காயின் போன் வழியாக என்னிடமே வந்தது. அப்போது நான் சொன்ன பதில் வேறு. அதனால்தான் இதை இன்னமும் கேள்வி என்கிறேன்.

மாமா லாரி கிளீனர். சீசனில் பலாப்பழ லோடு, மற்ற நாளில் எது கிடைத்தாலும். 2005ல் செத்துப்போனார். டி.பி. என்று சொல்லி அடக்கம் பண்ணினோம். டி.பி.யும் இருந்தது, முழுப் பொய்யில்லை. பிறகு அக்காவுக்கு ரத்தம் பார்த்தார்கள். அப்போது நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் எச்.ஐ.வி. விழிப்புணர்வு வேலையில் பகுதிநேரமாக இருந்தேன். ஊரார் குடும்பத்துக்கெல்லாம் எடுத்துச் சொல்லத் தெரிந்த எனக்குப் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்ல நாக்கு எழவில்லை. அக்காதான் எனக்குச் சொன்னாள்.

கூட்டு மருந்து கிடைத்ததே அன்றைக்குப் பெரிய சேதி. 1990களின் கடைசியில் மூன்று மருந்து சேர்ந்த சிகிச்சைக்கு ஒரு ஆளுக்கு வருசத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆனது. 2001 பிப்ரவரியில் பம்பாயின் சிப்லா கம்பெனி அதே சிகிச்சையை 350 டாலருக்குத் தருவதாக 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பிடம் அறிவித்தது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்தைச் செய்யும் முறைக்குத்தான் காப்புரிமை தந்தது, மருந்துக்குத் தரவில்லை, அதனால் முடிந்தது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின் மூன்றும் ஒரே மாத்திரைக்குள். 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்று. அப்புறம்தான் மாவட்டங்களுக்கு வந்தது. இதைக் கருணை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நோயோடு வாழ்கிறவர்கள் சங்கம் கட்டிக் கேட்டார்கள். 1998ல் சென்னையில் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கிய நாமக்கல் கௌசல்யா போன்றவர்கள் முகத்தை மறைக்காமல் வெளியே வந்து பேசினார்கள்.

நெவிராபினுக்கு ஒரு குணம் உண்டு. முதல் பதினாலு நாள் ஒரு வேளைதான் கொடுக்க வேண்டும், 200 மில்லிகிராம். அதற்குப் பிறகுதான் இரண்டு வேளை. எடுத்த எடுப்பில் முழு அளவு போனால் தோல் பொங்கும் அபாயம் கூடும். பார்த்துக் கொடுத்தாலும் நூறு பேரில் பதினைந்து பேர் அளவுக்கு ஏதோ ஒரு தடிப்பு வரும். ஒன்றிரண்டு பேருக்குக் கடுமையாகும். அபூர்வமாகச் சிலருக்கு, ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரண்டு டாக்டர்களின் பேரால் அழைக்கப்படுகிற நிலை வரும்: வாய், கண், பிறப்புறுப்பு எல்லாம் புண்ணாகி, தீப்பட்ட மாதிரி தோல் கழன்றுவிடும். கல்லீரலும் கெடலாம். பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள் வருவது இது. தடிப்பு இருக்கும்போது அளவைக் கூட்டவே கூடாது. காய்ச்சலோ வாய்ப்புண்ணோ கண் சிவப்போ சேர்ந்தால் மருந்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதெல்லாம் மருந்தோடு வரும் தாளில் இங்கிலீஷில் பொடி எழுத்தில் இருந்தது. நான் அந்தத் தாளைப் படித்ததில்லை. எனக்குக் கொடுத்த பயிற்சியில், 'மருந்தை விடக்கூடாது, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வேளைக்குக் குறையாமல் சாப்பிட வேண்டும், விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும்' என்பதைத்தான் பலமாகச் சொல்லித் தந்தார்கள். அதுவும் உண்மைதான்.

அக்கா முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். வெளியூர்த் தோழர்களுக்கு இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொட்டையின் ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்டால் சுடும், கறுக்கும், கொப்பளித்து உரியும். வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டிப் பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைந்த பருப்புக்கு ஒரு விலை. கையுறை போட்டால் விரலுக்குப் பதம் தெரியாது என்பார்கள். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள், ராத்திரியில் விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார்கள். பிற்பாடு ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வைத்தபோது எங்கள் தெருப் பெண்கள் பல பேருக்கு ரேகையே விழவில்லை. மருத்துவர்களைக் கேட்டால் இந்தத் தோல் எரிச்சலில் ஒரு பகுதி ஒவ்வாமை என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஊரில் அதை நோய் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது வேலை. பண்ருட்டி முந்திரி என்று ஊரே பெருமைப்படுகிறதே, அந்தப் பருப்பின் வெள்ளைக்குப் பின்னால் இந்தக் கறுத்த விரல்கள்தான் இருக்கின்றன.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்துப் பத்து நாள் இருக்கும், அரிப்பு வந்தது. கையில் ஆரம்பித்தது. எங்கள் ஊரில் கையில் ஆரம்பிக்கிற எதையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எண்ணெய் பட்டிருக்கும் என்று சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மார்பும் முதுகும் சிவந்து காய்ச்சல் வந்தபோது பெரியம்மா பார்த்துவிட்டு "ஆத்தா வந்திருக்கா" என்றது. வாசலில் வேப்பிலை சொருகியாயிற்று. அம்மை போட்ட வீட்டில் மருந்து மாத்திரை ஆகாது. அரிசிப் பானைக்குள் மாத்திரை டப்பாவை ஒளித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளுக்கு ஆத்தாளுக்குப் பயப்படுவதா, ஆஸ்பத்திரிக்குப் பயப்படுவதா என்று தெரியவில்லை. காய்ச்சலோடு தெருமுனைக் கடைவரைக்கும் நடந்து வந்து எனக்குப் போன் பண்ணினாள்.

"ஒடம்பெல்லாம் தடிச்சிக்கினு இருக்குதுடா. மாத்திர சாப்புட்றதிலேர்ந்துதான் இப்டி. ஒத்துக்கலியோ இன்னாவோ. நிறுத்திரட்டா?"

நான் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, முந்திரி எண்ணெயா இருக்கும். எத வேணா நிறுத்து, மாத்திரைய மட்டும் நிறுத்தாத. ஒரு வேள உட்டாக்கூட அப்பறம் மருந்து கேக்காது. ஓசியில குடுக்குறாங்கன்னு அலட்சியமா இருக்காத."

அவள் அலட்சியமாக இல்லை. சொன்னபடி கேட்டாள். பதினைந்தாம் நாள், சொல்லிக் கொடுத்திருந்தபடி, இரண்டு வேளையாக்கினாள். மூன்றே நாளில் உதடு வெடித்து, கண் திறக்க முடியாமல், முதுகில் தோல் பாயோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. எதிலும் நடந்திருக்கக்கூடியதுதான். உள்ளே நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஒழுங்கா சாப்டியா?" தலையை ஆட்டினாள். வாய் திறக்க முடியவில்லை. "ஃப்ரீயா குடுத்தாலே இவங்களுக்கு அரும தெரியாது" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. ஐந்தாறு நாளைக்கு முன்னால் அதையேதான் நானும் சொல்லியிருந்தேன். கட்டுப் பிரித்துக் கட்ட ஆள் வரத் தயங்கினார்கள். பயிற்சிக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண், டாக்டர், அவள்தான் பார்த்தவுடன் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, தினம் இரண்டு மூன்று தடவை வந்து கண்ணில் மருந்து விட்டாள். அந்தப் பெண் இல்லையென்றால் அக்காவுக்குப் பார்வை போயிருக்கும். பேச வாய் வந்த பிறகு அக்கா என்னிடம் சொன்ன முதல் விசயம்: "நந்தன நெருப்புல எறக்குனானுங்கன்னு மேடையில பேசுவியே. இப்டித்தான்டா இருந்துருக்கும்."

சிதம்பரம் எங்களுக்குத் தூரமில்லை. பறையன் உடம்போடு உள்ளே வரக்கூடாது, தீயில் இறங்கி வேறு தோலோடு வா என்று சொன்ன கதையை நான் எத்தனையோ முறை சாதியத்துக்கு உவமையாகச் சொல்லியிருக்கிறேன். அது ஓர் உடம்புக்கு நேர்ந்தது என்பதாக ஒரு தடவையும் யோசித்ததில்லை.

பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். நெவிராபினுக்குப் பதில் எஃபாவிரென்ஸ் கொடுத்தார்கள். அது சேர்ந்தது. கெட்ட கனவு வருகிறது என்பாள், அவ்வளவுதான். கண் மட்டும் காய்ந்து காய்ந்து போகும். கொட்டை வறுக்கிற புகைக்குப் பக்கத்தில் போக முடியாது. ஆக, அந்த வேலை போயிற்று.

ரொம்ப நாள் கழித்து, ஒரு நாள் தைரியம் வந்து கேட்டேன். இந்த மருந்துக்கு இப்படி ஆகலாம் என்று யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்? "சொல்லியிருந்தா இன்னா, வேணாம்னா சொல்லியிருப்பன்? புள்ளைங்களுக்கோசரம் சாப்டுத்தான் இருப்பன். ஆனா ஆத்தான்னு நெனச்சிக்கினு வேப்பிலையில படுத்துருக்க மாட்டன். ஒன்னாண்டயும் கேட்டுருக்க மாட்டன்."

இந்தப் பதிலில் எனக்கு விழுந்த அடியை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். அபாயம் இருந்ததை அவள் அநீதி என்று சொல்லவில்லை. 2004ல் நெவிராபினை விட்டால் நம்மைப் போன்ற நாட்டின் ஏழைக்கு அநேகமாகச் சாவுதான். நூறு பேர் சாவதற்குப் பதில் தொண்ணூற்றுச் சொச்சம் பேர் பிழைக்கிறார்கள் என்றால் அந்த மாத்திரை சரிதான். அந்தக் கணக்கை அவளும் போட்டுவிட்டாள், என்னைவிடச் சீக்கிரமாக. அந்தக் கணக்கைத் தன் முன்னால் வைத்துப் போட்டிருக்கலாமே என்பதுதான் அவள் வழக்கு.

ஏன் போடவில்லை? 'சொன்னால் பயந்துவிடுவார்கள்.' 'சொன்னாலும் புரியாது.' இந்த இரண்டு வாக்கியமும் இந்த நோயைவிட வயதில் மூத்தவை. இந்த நாட்டில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986ல் சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனின் மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, மயிலாப்பூரில் பெண்களை அடைத்துவைக்கும் காப்பகத்தில் பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் எடுத்து, வேலூரில் சோதித்தார். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு அது; கையுறைகூட இல்லாமல் செய்த துணிச்சலான வேலை. எதற்காக ரத்தம் எடுக்கிறேன் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்பதையும், சொன்னாலும் அவர்களுக்குப் புரிந்திருக்காது என்று நினைத்ததையும் பின்னாளில் அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். நான் அவரைக் குற்றம் சொல்ல வரவில்லை. பூட்டி வைத்த உடம்பிலிருந்து தேசத்துக்கு அறிவு கிடைத்தது. அந்த உடம்புக்காரிக்குத் தகவல் கிடைக்கவில்லை. இருபது வருசம் கழித்து, அதே சாதியில் பிறந்து, அதே தெருவில் வளர்ந்த நான், என் அக்காவிடம் அதையே செய்தேன் என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விசயம்.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார். வாசித்துக் காட்டியபோது குறுக்கிடவும் செய்தார். 'பக்க விளைவைப் பற்றிப் பேசிப் பேசித்தானே போலி வைத்தியன் பிழைக்கிறான்' என்றார். நியாயமான பேச்சு. பஸ் ஸ்டாண்டு சுவரில் 'எய்ட்ஸுக்கு மருந்து உண்டு' என்று ஒட்டிய போஸ்டர்களைப் பார்த்து நிலத்தை விற்றவர்களை எனக்குத் தெரியும். சித்த வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரே சித்த வைத்தியர்தான். தாம்பரத்திலேயே 1990களில் ரசகந்தி மெழுகும் அமுக்கரா சூரணமும் நெல்லிக்காய் லேகியமும் கொடுத்துப் பார்த்தார்கள்; வேறெதுவும் இல்லாத நாளில் அது ஒரு கை பிடித்தல். நான் சொல்வது மோசடிக்காரர்களை. இதைவிடப் பெரிய உதாரணம் தென்னாப்பிரிக்கா. அங்கே தாபோ எம்பெக்கி ஜனாதிபதியாக இருந்தபோது இந்த மருந்துகள் விஷம் என்ற பேச்சை அரசாங்கமே வளர்த்தது. சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் சிபாரிசு செய்தார். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு நெவிராபின் கொடு என்று 2002ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. மருந்து கொடுக்காமல் தாமதித்ததில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று 2008ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதாவது, 'இந்த மருந்து உடம்புக்கு ஒத்துக்காது' என்கிற வாக்கியத்தை ஆட்சியாளர்கள் எடுத்துக்கொண்டு ஏழைகளைக் கொன்ற சரித்திரமும் இருக்கிறது. நாங்கள் வாயை மூடிக்கொண்டதில் பயம் மட்டுமில்லை, இந்த எச்சரிக்கையும் இருந்தது.

இருந்தும் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. 'மருந்து விஷம்' என்று சொன்ன எம்பெக்கியும் 'மருந்து ஒன்றும் செய்யாது' என்று சொன்ன நானும், சாப்பிடுகிறவளிடம் எதையும் கேட்கவில்லை. இரண்டு பேருமே அவளுக்காக முடிவு செய்தோம்.

அதுவும் எந்த வார்த்தையால்? ஓசி. இந்த வார்த்தை எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். என் தாத்தா பண்ணையாளாக இருந்தவர். ஆண்டை வீட்டில் ஊற்றுகிற கூழில் புழு இருந்தால் என்ன செய்வீர்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "ஒதுக்கிட்டுக் குடிப்பம்" என்றார். கூழில் புழு இருக்கிறது என்று சொல்வது உண்ட வீட்டுக்கு ரெண்டகம். பாடுபட்ட கூலிதான் கூழாக வருகிறது என்பதை மறக்கடித்துவிட்டு, அதைக் கொடையாக்கி, கொடைக்கு நன்றியைக் கட்டி, நன்றிக்கு வாய்ப்பூட்டைக் கட்டிய ஏற்பாடு இது. நன்றியை ஒரு நற்குணம் என்று பள்ளிக்கூடத்தில் ஓர் அதிகாரமே வைத்துச் சொல்லித் தருகிறார்கள். சமமானவர்களுக்குள்ளே அது நற்குணமாக இருக்கலாம். எங்களுக்கு அது கயிறு. அரசாங்கம் தரும் மாத்திரை வரிப்பணம். அக்கா வாங்குகிற உப்பிலும் சோப்பிலும் அவள் கட்டிய காசு இருக்கிறது. இதை மேடையில் பேசுகிற நான், போனில் ஆண்டையின் குரலில் பேசினேன்.

பண்ருட்டியில் இருந்துகொண்டு இதை யோசிக்கும்போது திருவதிகை நினைவுக்கு வராமல் இருக்காது. டவுனை ஒட்டினாற்போல் இருக்கிறது கோயில். சமணத்தில் தருமசேனராக இருந்த நாவுக்கரசருக்குச் சூலை நோய் வந்து, பாடலிபுத்திரத்துச் சமணர்களால் (அதுதான் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர் என்பார்கள்) தீர்க்க முடியாமல், ராத்திரியோடு ராத்திரியாக அக்கா திலகவதியாரிடம் வந்து, திருநீறு பூசி, பாடி, வலி தீர்ந்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. வலி தீர்ந்ததும் அடிமை என்று தன்னை எழுதிக் கொடுத்துவிட்டார். இதைப் பக்தி என்று கும்பிடுகிறார்கள், மதமாற்றத்தின் அரசியல் என்று நம் ஆட்கள் ஆராய்கிறார்கள். எனக்கு இப்போது தெரிவது, குணப்படுத்தியவன் கைக்குள் நோயாளி போய்விடுவது என்கிற பழைய சங்கதி. வயிறு வலிக்கிறவனிடம் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வாங்கலாம். அதே நாவுக்கரசர்தான் பின்னாளில் அரசன் கூப்பிட்டு அனுப்பியபோது வர மாட்டேன் என்று சொன்னவரும். தெய்வத்துக்கு அடிமை எழுதிக் கொடுத்தவர் ராஜாவுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. நாங்கள் ராஜாவுக்குத்தான் முதலில் எழுதிக் கொடுக்கிறோம்.

இன்னொரு கணக்கைச் சொல்கிறேன். 2001 ஜனவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. எச்.ஐ.வி. இல்லாதவர்கள், ஊசி குத்திவிட்டதாலோ வேறு வகையிலோ தொற்று வந்துவிடுமோ என்று முன்ஜாக்கிரதையாக நெவிராபின் எடுத்தவர்கள், அவர்களில் 22 பேருக்குக் கடுமையான பாதிப்பு; சுகாதாரப் பணியாளர் ஒருவருக்குக் கல்லீரலையே மாற்ற வேண்டிவந்தது. இனி இப்படி ஊசி குத்துப்பட்டவர்களுக்கு நெவிராபின் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நர்சுக்கு வேண்டாம், நமக்கு மட்டும் வேண்டுமா என்று நான் முதலில் கொதித்தேன். பிறகு நிதானமாக யோசித்தால் அந்த முடிவில் தப்பில்லை. ஊசி குத்தியவர்களில் ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான் தொற்று வரும். நோய் வந்துவிட்டவர் நிலைமை வேறு. ஆனால் ஒன்று உறுத்துகிறது. அங்கே 22 பேர் 22 பேராக எழுதப்பட்டார்கள். யாருக்கு, எத்தனையாவது நாளில், எப்படி என்று. எழுதப்பட்டதால் விதி மாறியது. அக்காவுக்கு நேர்ந்தது எங்காவது எழுதப்பட்டதா என்று கேட்டுப் பார்த்தேன். நோட்டில் 'மருந்து மாற்றப்பட்டது' என்று ஒரு வரி இருந்தது. மருந்துகளின் கெட்ட விளைவுகளைச் சேகரிக்க இப்போது நடக்கிற தேசியத் திட்டம் இந்தியாவில் 2010ல்தான் வந்தது. 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், ஓட்டில் ஒரு மனிதனுக்கு ஒரு மதிப்பு இருக்கும், வாழ்க்கையில் இருக்காது என்று எச்சரித்தாரே, அந்த மதிப்பில் இதுவும் சேர்த்திதான்: ஒருத்திக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அது ஒன்று என்று எண்ணப்பட வேண்டும்.

எண்ணினால் என்ன நடக்கும் என்பதற்கு அபாகாவிர் சாட்சி. இதே நோய்க்கான இன்னொரு மருந்து. சிலருக்குக் காய்ச்சல், தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் என்று ஒவ்வாமை வரும். நிறுத்தினால் சரியாகும், தெரியாமல் திரும்பக் கொடுத்தால் உயிரே போகலாம். எச்.எல்.ஏ.-பி 5701 என்கிற பரம்பரைக் கூறு உள்ளவர்களுக்குத்தான் இது வருகிறது என்று கண்டுபிடித்து, முன்கூட்டியே சோதித்துவிட்டுக் கொடுத்தால் அந்த ஒவ்வாமையைத் தடுத்துவிடலாம் என்று 2008ல் நிரூபித்தார்கள். ஒத்துக்கொள்ளாத உடம்புகளை அலட்சியக்காரர்கள் என்று திட்டாமல் உட்கார்ந்து கேட்டதால் கிடைத்த அறிவு இது. பணக்கார நாடுகளில் அந்தச் சோதனை செய்யாமல் மருந்து எழுதுவதில்லை.

நெவிராபினில் இன்னொரு விசித்திரம் உண்டு. ரத்தத்தில் சி.டி.4 அணுக்கள் 250க்கு மேல் இருக்கும் பெண்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வரும் அபாயம், அதற்குக் கீழே இருப்பவர்களைவிடப் பன்னிரண்டு மடங்கு என்று 2005ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்தது. எதிர்ப்புச் சக்தி மிச்சம் இருக்கிற உடம்புதான் அதிகம் எதிர்க்கிறது. இதைப் படித்தபோது அரசியல் உவமைக்கு அருமையான சரக்கு என்று மனசு துள்ளியது. உடனே இன்னொன்றும் தெரிந்தது: நிமோனியா வராமல் தடுக்கக் கொடுக்கிற கோட்ரைமாக்சசோல் என்ற சல்ஃபா மாத்திரைக்கு, மற்றவர்களைவிட எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத்தான் ஒவ்வாமை மிக அதிகம். உடம்பு நம் உவமைக்கு அடங்காது. 1990களில் 'உடல்' பற்றிச் சிற்றிதழ்களில் எவ்வளவு எழுதினோம்! நானும் ஃபூக்கோவை மேற்கோள் காட்டி ஒரு கட்டுரை எழுதினேன். 1984ல் அவர் எய்ட்ஸ் கண்டுதான் செத்தார் என்பது அந்தக் கட்டுரையில் இல்லை. எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அது தத்துவத்துக்கு வெளியே இருக்கிற சேதி என்று விட்டிருப்பேன்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. ஸ்டாவுடின் போய்விட்டது. பெரியவர்களுக்கு முதல் வரிசைச் சிகிச்சையிலிருந்து நெவிராபினும் போய்விட்டது. அக்கா இப்போது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை சாப்பிடுகிறாள், ராத்திரி ஒன்று. 2017ல் போட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், தகவல் சொல்லிச் சம்மதம் வாங்காமல் சோதனையோ சிகிச்சையோ கூடாது என்கிறது. சட்டத்தில் இருப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வாமை ஓய்ந்துவிடவில்லை; சல்ஃபா இருக்கிறது, டி.பி. மாத்திரைகள் இருக்கின்றன, மூலைக்கு மூலை கிளினிக் இருக்கிறது.

போன வருசம் அக்கா ஒரு துண்டுக் காகிதம் கேட்டாள். "அந்த மாத்திர பேர எழுதிக் குடுடா. தமிழ்லயும் எழுது, இங்கிலீசுலயும் எழுது. நான் நெனப்பில்லாமக் கெடந்தாலும் பாக்குறவனுக்குத் தெரியணும்." எழுதினேன். நோயின் பேர் வேண்டாம், மருந்தின் பேர் மட்டும் போதும் என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தோம். அதுவே காட்டிக் கொடுத்துவிடாதா என்று கேட்டேன். "தெரிஞ்சவனுக்குத்தான தெரியும், தெரிஞ்சவன் டாக்டராத்தான இருப்பான்" என்றாள். 'எனக்கு நெவிராபின் ஒத்துக்காது. 2006ல் தோல் கழன்றது' என்று இரண்டு வரி. பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போடக் கொடுத்தோம். கடைப் பையன் பிளாஸ்டிக் உறைக்குள் காகிதத்தை நேராக்கிக்கொண்டே படித்துவிட்டு, "இன்னா மருந்துக்கா இது?" என்று கேட்டான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"எனக்கு ஒத்துக்காத மருந்து" என்றாள் அக்கா. "ஓரத்த நல்லா வெட்டிக் குடு, பர்சுல குத்தும்."